டீசல் ஃபோர் பை ஃபோர் ரீமேப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீமேப் என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எத்தனை குதிரை ஏறும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குதிரைகளை ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் ஓட்டப் போகிறீர்கள்? கீழே உள்ள பதில்களில் பாதி, இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவை.

ரீமேப்பில் அப்படி என்னதான் மாற்றுகிறார்கள்?

எஞ்சினில் ஒரு நட்டைக்கூடக் கழற்றுவதில்லை. எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவுக்குள் இருக்கும், மேப் எனப்படும் எண் அட்டவணைகளைத்தான் மாற்றுகிறார்கள்.

டீசல் எஞ்சினில் எவ்வளவு டீசல் தெளிக்கிறோமோ அவ்வளவு வேலை. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் "இவருக்கு இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) வேண்டும்" என்று ஈசியூ கணக்குப் போடுகிறது. அந்த வேண்டுகோள் வரிசையாகச் சில காவல்காரர்களைத் தாண்டியாக வேண்டும். கியர்பாக்ஸ் இவ்வளவுதான் தாங்கும் என்பது ஒரு வரம்பு. உள்ளே வந்திருக்கும் காற்றில் இவ்வளவு டீசல்தான் சுத்தமாக எரியும் என்பது புகை வரம்பு. தண்ணீர் சூடேறினால் குறை என்பது இன்னொன்று. இவற்றில் எது சிறிய எண்ணோ அதுவே இன்ஜெக்டருக்குப் போகும். எந்தக் கோணத்தில் தெளிக்கத் தொடங்குவது, எத்தனை மைக்ரோ செகண்ட் திறந்து வைப்பது, ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் பொதுக் குழாயான காமன் ரயிலின் அழுத்தம்) எவ்வளவு, டர்போ எவ்வளவு பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) தர வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒழுங்காக வேலை செய்பவர் இந்தச் சங்கிலி முழுவதையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி உயர்த்துவார். சோம்பேறி, கடைசிக் கண்ணியான இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை மட்டும் 15% கூட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார். வண்டி இழுக்கத்தான் செய்யும். ஆனால் ஈசியூ 55 மில்லிகிராம் போட்டதாக நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே 63 போய்க்கொண்டிருக்கும். காவல்காரர்கள் எல்லோரும் பொய்க் கணக்கைப் பார்த்துக் காவல் காப்பார்கள்.

எவ்வளவு கூடும் என்று எதிர்பார்க்கலாம்?

டர்போ உள்ள காமன் ரயில் எஞ்சினில், எந்தப் பாகத்தையும் மாற்றாமல், டார்க் 15 முதல் 25 சதவீதம் கூடினால் நல்ல வேலை. உதாரணத்துக்கு 2000 ஆர்பிஎம்மில் 360 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின் 430 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 75 கிலோவாட் இருந்த இடத்தில் 90 வருகிறது. மலையேற்றத்தில் ஒரு கியர் இறக்காமல் ஏறிவிடலாம். விளம்பரத்தில் போடும் உச்ச எண் 4000 ஆர்பிஎம்மில் வருவது. அந்த ஆர்பிஎம்மில் ஃபோர் பை ஃபோரை யார் ஓட்டுகிறார்கள்? 1500 முதல் 2800 வரை டார்க் வரைபடத்தின் கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

என் வண்டி பழசு. அதையும் ரீமேப் செய்ய முடியுமா?

ஈசியூ இருந்தால் முடியலாம். மெக்கானிக்கல் பம்ப் என்றால் மேப்பே கிடையாது. பம்பில் ஸ்க்ரூவைத் திருப்பி, டயாஃப்ரத்தைச் சரிசெய்து டீசலைக் கூட்டுவார்கள். லேண்ட் ரோவரின் 300 டிடிஐ பெரும்பாலும் அப்படித்தான். டொயோட்டாவின் 1எச்இசட் போல டர்போவே இல்லாத எஞ்சினில் கூடுதல் காற்றுக்கு வழியில்லை என்பதால் டீசலைக் கூட்டினால் கிடைப்பது பெரும்பாலும் கரும்புகைதான். பயணிகள் காரில் காமன் ரயில் வந்தது 1997இல், ஆல்ஃபா ரோமியோ 156இல், 1350 பார் அழுத்தத்தோடு. இன்று 2000 பாரைத் தாண்டிவிட்டார்கள். எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள எல்லாமே காமன் ரயில் அல்ல. 1998இல் வந்த லேண்ட் ரோவரின் டிடி5 எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி யூனிட் இன்ஜெக்டர் (பம்பும் இன்ஜெக்டரும் ஒன்றாய் இருப்பது). அதையும் ரீமேப் செய்யலாம்.

வயரில் செருகும் ட்யூனிங் பாக்ஸ் போதாதா? மலிவாக இருக்கிறதே.

பெரும்பாலான பெட்டிகள் ரயில் பிரஷர் சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டுகின்றன. அழுத்தம் போதவில்லை என்று ஈசியூ நம்பி, பம்பை இன்னும் முடுக்குகிறது. முன்பு போல அதே அளவு நேரம் திறக்கும் இன்ஜெக்டரில் அதிக டீசல் பாய்கிறது. சங்கிலியின் மற்ற கண்ணிகள் எதற்கும் விஷயம் தெரியாது. கழற்றி வைத்துவிடலாம் என்பது அதன் ஒரே நல்ல குணம். ஹை பிரஷர் பம்பின் ஆயுளோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

காருக்கும் ஃபோர் பை ஃபோருக்கும் ஒரே எஞ்சின் என்றால், காருக்குப் போடும் ஃபைலையே போடலாமா?

போடக்கூடாது. காரில் முழு ஆக்சிலரேட்டர் என்பது முந்திச் செல்லும் எட்டு பத்து வினாடி. அதற்குள் வெளியேறும் வாயு சூடேறினாலும், காலை எடுத்ததும் தணிந்துவிடும். மென்மணலில் ஏறும் வண்டியையோ, பின்னால் டிரெய்லர் கட்டி மலையேறும் வண்டியையோ நினைத்துப் பாருங்கள். பெடல் முக்கால் பங்கு அமுங்கி, பத்து நிமிடம் அப்படியே நிற்கிறது. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது) வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் காற்று வருவதேயில்லை, ஃபேன் இழுப்பதுதான். காரில் பத்து வினாடிக்குப் பாதுகாப்பான ஃபைல் இங்கே ஆறாவது நிமிடத்தில் எஞ்சினைத் தின்னத் தொடங்கும்.

இன்னொரு வித்தியாசம் பெடல். வண்டி சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டுமென்று பெடல் மேப்பைச் செங்குத்தாக்கிவிடுவார்கள்: 20% மிதித்தால் 45% டார்க். நெடுஞ்சாலையில் ஆகா என்றிருக்கும். லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை) முதல் கியரில் பாறை மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நிற்கும்போது, கால் ஒரு மில்லிமீட்டர் குலுங்கினாலும் வண்டி துள்ளும். துள்ளலில் அச்சு உடையும். முதல் 30% பெடலைத் தொழிற்சாலை வைத்தபடியே விடச் சொல்லுங்கள்.

எவ்வளவு சூடு வரை தாங்கும்?

டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அளக்கும் வெப்பத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. தொடர்ந்து நிற்கும் சுமையில் 700 டிகிரி செல்சியஸைச் சுற்றியே இருக்க வேண்டும். சில வினாடிகள் 750ஐத் தொட்டு இறங்கினால் பதற வேண்டாம். 800ஐத் தொட்டு நின்றால் காலை எடுத்துவிடுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டன் அலுமினியம். அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர்வித்தும், வெடிப்புகளுக்கு இடையே குளிர்ந்த காற்று உள்ளே வந்தும்தான் அது பிழைத்திருக்கிறது. அந்த இடைவெளியை நாம் டீசலால் நிரப்பினால் பிஸ்டனின் உதடு வெடிக்கும்.

டேஷ்போர்டில் இருக்கும் தண்ணீர் முள் இதைக் காட்டாது. அது அசையும்போது பிஸ்டனின் கதை முடிந்திருக்கலாம். அதனால் வரிசை இதுதான்: முதலில் எக்ஸாஸ்ட் வெப்பம் காட்டும் மீட்டர், அப்புறம் ரீமேப். மீட்டர் போட்டு ஸ்டாக் (தொழிற்சாலை) மேப்பிலேயே இரண்டு வாரம் ஓட்டுங்கள். உங்கள் வழக்கமான ஏற்றத்தில் ஏற்கெனவே 680 காட்டுகிறதென்றால், கூட்ட இடம் எவ்வளவு மிச்சம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உயரமான மலைகளில் அதிகம் ஓட்டுகிறேன். அங்கே பவர் குறைவதை ரீமேப் சரிசெய்யுமா?

கேள்வி நியாயமானது, பதில் கசப்பானது. ஒரு சிலிண்டருக்குள் ஒவ்வொரு சுற்றிலும் 1000 மில்லிகிராம் காற்று வருகிறது, 55 மில்லிகிராம் டீசல் தெளிக்கிறோம் என்றால் விகிதம் 18க்கு 1. கணக்குப்படி முழுக்க எரிய 14.5க்கு 1 போதும். ஆனால் டீசல் சிலிண்டருக்குள் காற்றோடு சீராகக் கலப்பதில்லை, அதனால் அதற்கு வெகு முன்பே புகை வந்துவிடும். டீசலை 65 ஆக்கினால், அதே விகிதத்துக்குக் காற்று 1180 வேண்டும். கடல் மட்டத்தில் 1.2 பார் பூஸ்ட் என்றால் மொத்த அழுத்தம் 2.2 பார். 18% கூட்டினால் 2.6, அதாவது பூஸ்ட் 1.6. டர்போ இதைச் சமாளிக்கலாம்.

3000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே 0.7 பார்தான். 2.6 பார் வேண்டுமென்றால் டர்போ காற்றை 3.7 மடங்கு அழுத்த வேண்டும். இந்த வகை வண்டிகளின் டர்போக்கள் பலவற்றுக்கும் 3 மடங்கே திணறல். டர்போவின் சக்கரம் அளவுக்கு மீறிச் சுழலும், காற்று குளிர்வதற்குப் பதில் கொதிக்கும், பேரிங் போகும். தொழிற்சாலை மேப்பில் உயரத்துக்கு ஏற்ப பூஸ்டைக் குறைக்கும் ஓர் அட்டவணை இதற்காகவே இருக்கிறது. "மலையிலும் அதே பவர்" என்று சொல்பவர் அந்த அட்டவணையை அழித்திருக்கிறார் என்று பொருள். அந்த அட்டவணையைத் தொட்டீர்களா என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தே பதில் தெரியும்.

கரும்புகை வந்தால் நல்ல பவர் என்கிறார்களே?

எரியாத டீசல் எப்படிப் பவர் ஆகும்? டர்போ விழிக்கும் அந்த அரை வினாடி லேசாகப் புகைந்தால் விடுங்கள். இழுவை முழுக்கக் கரிமேகம் வந்தால் ஃபைல் தப்பு, அல்லது காற்று எங்கோ கசிகிறது.

ரீமேப்புக்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்டாக்கில் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறதா என்று. ரீமேப் வைத்தியம் அல்ல. "இழுக்கவே மாட்டேங்குது, மேப் போட்டுக் கொடுங்க" என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கும் மேப்பே தேவைப்படுவதில்லை.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஏற்றத்தில் சோர்வு, கொஞ்சம் புகை, எரர் கோட் எதுவும் இல்லை. லேப்டாப்பை மாட்டி, மூன்றாவது கியரில் 1500லிருந்து 3500 வரை முழு பெடலில் ஓட்டிப் பதிவு எடுத்தோம். ஈசியூ கேட்ட பூஸ்ட் 1.25 பார், வந்தது 1.05. டர்போவின் வேன்கள் (எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பும் தகடுகள்) முழுக்க மூடியபடி உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருக்கின்றன. பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் அழகாக இருந்தது. இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவியபோது விரல் கறுத்து எண்ணெயானது. நீளவாக்கில் கட்டைவிரல் அளவு வெடிப்பு. ஐடிலில் உதடு மூடிக்கிடக்கும், பூஸ்ட் ஏறியதும் வாய் பிளக்கும். குழாயை மாற்றினோம். உரிமையாளர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மேப் போட்டாச்சா?" என்றார்.

இதே பதிவில் ரயில் பிரஷரும் கேட்டதும் வந்ததும் ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். வராமல் தொங்கினால் டீசல் ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் ரிட்டர்ன் (தெளிக்கப்படாமல் திரும்பிப் போகும் டீசல்) என்று தேட வேண்டும். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவைக் குப்பிகளில் பிடித்து ஒப்பிடுவது அரை மணி நேர வேலை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரு மடங்கு நிரப்பினால் மேப்பை மறந்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

இன்னொன்று டயர். 245/75 ஆர்16ஐக் கழற்றி 285/75 ஆர்16 போட்டவர்கள் "பவர் போயிடுச்சு" என்பார்கள். விட்டம் 774 மில்லிமீட்டரிலிருந்து 834 ஆகிறது, கியர் எல்லாம் 8% நீண்டதற்குச் சமம். இதற்குச் சரியான மருந்து டிஃபரன்ஷியல் கியரை மாற்றுவது. செலவு அதிகம் என்பதால் எல்லோரும் ரீமேப்பில் வந்து நிற்கிறார்கள்.

கிளட்ச், கியர்பாக்ஸ், அச்சு தாங்குமா?

பெரும்பாலும் முதலில் கையைத் தூக்குவது கிளட்ச். ஐந்தாவது கியரில் 1800 ஆர்பிஎம்மில் முழுக்க மிதியுங்கள். ஸ்பீடோமீட்டர் நிற்க, ஆர்பிஎம் மட்டும் ஏறினால் நழுவுகிறது.

கியர்பாக்ஸுக்கு ஓர் உதாரணம்: டிடி5 டிஃபெண்டரின் எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர், அதன் பின்னால் இருக்கும் ஆர்380 கியர்பாக்ஸின் பெயரிலேயே அதன் வரம்பு 380 என்று எழுதியிருக்கிறது. 360க்கு ரீமேப் செய்தால் கணக்கில் இடம் உண்டு. ஆனால் அதே வண்டியின் லோ ரேஞ்சைப் பாருங்கள். முதல் கியர் 3.69, டிரான்ஸ்ஃபர் கேஸ் 3.32, டிஃபரன்ஷியல் 3.54; மூன்றையும் பெருக்கினால் 43 மடங்கு. 300 நியூட்டன் மீட்டர் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும்போது, உராய்வு இழப்பை விட்டால், ஏறக்குறைய 13,000. 360 என்றால் 15,600. நான்கு சக்கரமும் தரையில் இருந்தால் பகிர்ந்துகொள்ளும். லாக்கர் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது) போட்டு, ஒரு சக்கரம் மட்டும் பாறையில் கவ்வி நின்றால், அந்தப் பக்கத்து அச்சுத் தண்டு எவ்வளவைத்தான் தாங்கும்? லோ ரேஞ்சில் ஸ்டாக் டார்க்கே தாராளம். சில ஈசியூக்களில் முதல் இரண்டு கியர்களுக்குத் தனி டார்க் வரம்பு உண்டு. அதைத் தொடாமல் விடச் சொல்வது புத்திசாலித்தனம்.

ஆட்டோமேட்டிக் என்றால்?

எஞ்சினும் கியர்பாக்ஸும் பேசிக்கொண்டேதான் இருக்கின்றன. எஞ்சின் எவ்வளவு டார்க் தருகிறதென்று சொல்கிறதோ, அதற்கேற்பத்தான் கியர்பாக்ஸ் உள் கிளட்ச்களை அழுத்திப் பிடிக்கிறது. முதல் பதிலில் சொன்ன சோம்பேறி மேப் இங்கே இரட்டைக் கேடு: எஞ்சின் குறைத்துச் சொல்லும், கியர்பாக்ஸ் தளர்வாகப் பிடிக்கும், நழுவி எரியும். இசட்எஃப் எட்டு ஸ்பீடு பெட்டிகளில் 8எச்பி45, 8எச்பி70 என்று இருக்கும் கடைசி எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் டார்க் தகுதி கிடைக்கும். உங்கள் பெட்டி எது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

டிபிஎஃப் என்னும் கரி ஃபில்டரை எடுத்துவிடலாம் என்கிறார்களே?

டிபிஎஃப்பை எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் அதைத் தடுக்கிறது. பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல், தொழிற்சாலையில் பொருத்திய டிபிஎஃப் இல்லையென்றால் ஆண்டுச் சோதனையில் வண்டி தேறாது. சட்டத்தை விடுங்கள், பின்னால் வருபவர் சுவாசிக்க வேண்டாமா?

டிபிஎஃப் இருக்கும்போதே நல்ல ரீமேப் செய்ய முடியும், கரி கூடாமல் பார்த்துக்கொண்டால். கரி கூடினால் ஃபில்டர் சீக்கிரம் நிரம்பும். 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரிக்கும் ரீஜெனரேஷன் அடிக்கடி ஓடும். பல வண்டிகளில் அதற்காகச் சிலிண்டருக்குள் தாமதமாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ரீமேப்புக்குப் பிறகு டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறினால் மகிழாதீர்கள். அது டீசல்.

மைலேஜ் கூடுமா?

முன்பு ஓட்டியபடியே ஓட்டினால் கொஞ்சம் கூடலாம், மேல் கியரிலேயே சமாளிப்பதால். யாரும் அப்படி ஓட்டுவதில்லை. டேஷ்போர்டு காட்டும் மைலேஜை மட்டும் நம்பவே வேண்டாம். ஈசியூ தான் தெளித்ததாக நினைக்கும் டீசலை வைத்து அந்தக் கணக்கைப் போடுகிறது. பொய் மேப் உள்ள வண்டியில் மைலேஜ் பிரமாதமாகத் தெரியும். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள்.

டைனோ (வண்டியை ரோலரில் ஓட்டிப் பவரை அளக்கும் மெஷின்) சீட்டு கொடுத்தார்கள். நம்பலாமா?

ஒரே நாளில், ஒரே மெஷினில், முன்னும் பின்னும் எடுத்த இரண்டு சீட்டுகளின் வித்தியாசத்தை நம்பலாம். தனி எண்ணை நம்ப முடியாது. சென்டர் டிஃபரன்ஷியல் உள்ள முழுநேர ஃபோர் வீல் டிரைவ் வண்டியை இரண்டு சக்கர ரோலரில் ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஃபைல் ஏற்றும்போது வண்டி செத்துப்போகுமா?

எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ பாதி எழுதிய புத்தகமாக நின்றுவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. பெரும்பாலும் ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்து மீட்டுவிடலாம். பேட்டரிக்கு நிலையான பவர் சப்ளை மாட்டாமல் லேப்டாப்பை எடுப்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போஷ் இடிசி17 போன்ற ஈசியூ தலைமுறைகளில் சில வகைகளுக்கு, லேப்டாப்பை மாட்டும் ஓபிடி சாக்கெட் வழி திறக்காது. ஈசியூவின் மூடியையே திறக்க வேண்டிவரும். பிறகு ஒழுங்காகச் சீல் செய்தார்களா என்று பாருங்கள், ஆற்றைக் கடக்கும் வண்டியாயிற்றே.

வாரண்டி, காப்பீடு?

எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல ஈசியூக்களில் பதிவாகும். ஸ்டாக் ஃபைலைத் திரும்பப் போட்டாலும் எண்ணிக்கை குறையாது. ஃபோக்ஸ்வாகன் குழுமம் இப்படிப் பிடிபட்ட வண்டிக்குத் தன் பதிவேட்டில் டிடி1 என்று குறியிடுகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் விட்டால், பெரிய விபத்து நடந்த பிறகுதான் அந்தப் பேச்சு வரும்.

பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கலாமா?

உங்கள் வண்டியிலிருந்து முதலில் படித்தெடுத்த ஒரிஜினல் ஃபைல் இருந்தால் பத்து இருபது நிமிட வேலை. அதன் ஒரு பிரதியை அன்றே கேட்டு வாங்கி, ஈசியூ எண்ணையும் தேதியையும் ஃபைலின் பெயரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க மறுத்தால் அவர் படித்தே எடுக்கவில்லை, வேறு வண்டியின் ஃபைலை எங்கிருந்தோ எடுத்து ஏற்றியிருக்கலாம். சர்வீஸுக்கு விடும்போது "சாஃப்ட்வேர் அப்டேட் செய்ய வேண்டாம்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால், வண்டி வாட்டர் வாஷ் செய்து பளபளவென்று திரும்பும், ரீமேப் மட்டும் இருக்காது.